நடை மாற்றம்

மோட் என்பதை நடை என்றே எழுதிவைக்கிறேன்,
குறிப்பேட்டின் ஓரத்தில், யாரும் கேட்காமலே.
ஒளிக்கும் நடை உண்டு.
சிலிக்கான் தடத்தில் அது அகலக் கால் வைத்து வரும்.
நானூற்றைம்பது நானோமீட்டர் அதற்கு ஒரு தெரு.
பிறகு தெரு கூம்புகிறது.
இருபுறமும் தங்கச் சுவர்.
நடுவில் நாற்பது.

அந்தச் சந்துக்குள் ஒளி ஒளியாகவே போக முடியாது.
உலோகத்தின் எலக்ட்ரான்களைக் கைப்பிடித்து
அவற்றின் தள்ளாட்டத்தில் தானும் தள்ளாடி
நுழைய வேண்டும்.
பத்து மைக்ரான் தூரம்தான்.
அதற்குள் பாதிக்கு மேல் சூடாகிப் போய்விடும்;
மிச்சம் மறுமுனையில்
பழைய நடைக்குத் திரும்பும்.

இவ்வளவும் காகிதத்தில்.

ஒன் நார்த்தில் சன்னல் இல்லாத அறை.
வெளியே மழையா என்பதை
உள்ளே வருகிறவர்களின் செருப்புத் தடம் சொல்லும்.
மூன்று வாரமாக மீட்டரில் மைனஸ் நாற்பத்தொன்று.
கணினி சொன்னதோ மைனஸ் பதினெட்டு.
சில்லைப் பழித்தேன்.
தங்கம் படிந்த விதத்தைப் பழித்தேன்.
எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சந்தைப் பெரிதாக்கி
ஒரு பிசிறு, ஒரு துணுக்கு,
சுவருக்குச் சுவர் ஒரு பாலம் கிடைக்காதா என்று தேடினேன்.
கடை அடைத்தபின் கழுவிவிட்ட தரை போலக் கிடந்தது.
அப்புறம் ரோசிடாவைப் பழித்தேன்.

நேரடியாக அல்ல.
புதன்கிழமைக் கூட்டத்தில், திரையில் ஒரு வரி:
தயாரிப்பில் வேறுபாடு இருக்கலாம்.
தயாரிப்பு என்றால் யார் என்று அறைக்கே தெரியும்.
பதினோரு ஆண்டுகளாகத் தூய அறையில்,
தூடோங்குக்கு மேலே வெள்ளைத் தலையுறையோடு,
எங்கள் எல்லோருடைய நாற்பதுகளையும்
நாற்பதாகவே திறந்து தருகிறவர்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த தகடு எந்தத் தேதிக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

வெள்ளி இரவு.
கிம் மோவில் வாங்கிய கோப்பி ஓ
கதவுக்கு வெளியே ஆறிக்கொண்டிருந்தது.
ஒளியிழையைத் துடைக்கப் போன என் முழங்கை
அந்தக் கறுப்புக் காதுகளில் பட்டது.
மூன்று பிளாஸ்டிக் காதுகள்; உள்ளே இழை சுற்றியிருக்கும்.
அவற்றைச் சாய்த்தால்
ஒளியின் அதிர்வு நிற்கும், சாயும், படுக்கும்.
மீட்டர் துள்ளியது.
முப்பத்தாறு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு
தோட்டின் திருகாணியைத் திருகுவதுபோல
நடுக்காதைத் திருகினேன்.
முப்பது. இருபத்தைந்து.
இன்னும் ஒரு மயிரிழை.
பத்தொன்பது.

சந்து திறந்தேதான் இருந்திருக்கிறது.
சுவருக்குச் சுவர் குறுக்கே ஆடும் ஒளிக்கு மட்டும்
அங்கே இடம்.
நான் அனுப்பியதோ நிமிர்ந்து நின்றது.
யாரோ ஒருவர் பையை எடுக்கும்போது
காது நகர்ந்திருக்கும்.
அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.
மூன்று வாரமும் பிழை வாசலுக்கு வெளியே,
நான் நின்ற பக்கம்.

புவன விஸ்தாவில்
வட்டப்பாதையிலிருந்து பச்சைத் தடத்துக்கு மாறும் மின்படியில்
கைபேசியில் தட்டினேன்.
ஆங்கிலத்தில் எழுதினால் அது அறிக்கையானது:
அளவீட்டு அமைப்பில் பிழை கண்டறியப்பட்டது.
கண்டது யார், பிழை யாருடையது,
இரண்டும் வழியிலேயே சூடாகிப் போயின.
அழித்தேன்.
தமிழ் அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்த மலாய் சாப்பாட்டுக் கடை மலாய்.
அதிலே எழுதினேன்:
மாஃப், காக். சாலா சாயா.
தப்பு என்னுடையது. நான்கே சொல்.
அவ்வளவு குறுகலில் வேறெதுவும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கிளமெண்டி வருவதற்குள் பதில்.
எவ்வளவு வந்தது?
பத்தொன்பது, என்றேன்.
எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார்
என்று மூன்று புள்ளிகள் ஆடின.
பதினெட்டு என்றல்லவா காட்டினாய்.
அந்த ஒன்று எங்கே?